நாற்பத்து நான்கு

ஏழாம் கணக்கு, பகலெல்லாம் நான் கையில் பிடித்திருக்கும் தீயைப் பற்றியது.
அசெட்டிலீன் ஒரு மோல். ஆக்சிஜன் இரண்டரை.
எரிந்தால் எவ்வளவு வெப்பம்?
எட்டு மணி நேரம் கப்பலறுத்து வந்தவளிடம்
கேட்கிற கேள்வியா இது, ஷ்செச்சின் மாலைக் கல்லூரியே?

"சிலிண்டருக்குள்ள தீயை மடிச்சு வெச்சிருக்கான்" என்பான் லுட்விக்,
ஊறவைத்த ஹெரிங் மீனை ரொட்டிக்குள் செருகிக்கொண்டே.
"திறந்தா எழுந்து வருது. இதுக்கு ஒரு படிப்பா, யாக்னா?"
அவன் முன்கையெங்கும் தழும்புகள்.
அவற்றோடு வாதாடுவது கஷ்டம்.

சமையலறை மேசை. ரேடியேட்டர் டிக் டிக்கென்று விரிகிறது.
பாதுகாப்புப் படிவத்தின் பின்பக்கம் ஒரு கோடு கிழித்தேன்:
இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு.
மளிகைக் கணக்கு மாதிரிதான்.

முதலில் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். தாளில்தான்.
கார்பன் இரண்டும் மூன்று கைகளால் கோத்துக்கொண்ட பிடி: 839.
ஓரத்து ஹைட்ரஜன்கள் ஆளுக்கு 413.
ஆக்சிஜன் ஜோடி இரண்டரை, ஜோடிக்கு 498.
கூட்டினால் 2910 கிலோஜூல்,
ஒரு குரோஷ் குறையாமல் நான் எடுத்துவைக்க வேண்டியது.

பேனா நின்றது.
அப்படியானால் சிலிண்டருக்குள் தீ இல்லை, லுட்விக்.
கட்டுகளை அறுத்தால் கிடைப்பது கடன் சீட்டு மட்டும்.
அறுத்த பின் ஒன்பது அணுக்கள்
யாரும் யாருக்கும் இல்லாமல் நிற்கின்றன.
இந்தத் தாளில் அதைவிட உயரமான இடம் கிடையாது.

பிறகு சேர்கின்றன.
தண்ணீருக்குள் இரண்டு பிடிகள், 463 வீதம்.
கார்பன் டை ஆக்சைடில் நான்கு இரட்டைப் பிடிகள்; அட்டவணையில் 745.
வரவு 3906. கழித்தால் 996.
கையேட்டில் 1256 என்று போட்டிருக்கிறது.
260 காணோம்.

தேநீர் ஆறிப்போனது.
மாடிவீட்டு ரெஜீனா மரச்செருப்போடு நடக்கிறாள்.
கூட்டலை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நான் சரி.
அப்புறம்தான் கண்ணில் பட்டது, 745-இன் தலைமேல் ஒரு நட்சத்திரம்,
பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில்:
கார்பன் டை ஆக்சைடுக்குள் மட்டும் 799.

அதே கார்பன், அதே ஆக்சிஜன், அதே இரட்டைப் பிடி.
எதிர்ப்பக்கமும் ஒரு ஆக்சிஜன் பற்றியிருந்தால்
பிடி ஐம்பத்து நான்கு இறுகுகிறது.
கூட நிற்பது யார் என்பதைப் பொறுத்தாம் பலம்.
இதைப் புத்தகம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
துறைமுகத்தில் ஒற்றைப் பெண்ணாய் இருந்த முதல் வருஷம் சொன்னது,
ஹலீனா வந்து சேர்ந்த இரண்டாம் வருஷமும்.

திருத்தினேன். 4122. கழி. 1212.
இன்னும் நாற்பத்து நான்கு குறைகிறது.
இம்முறை நட்சத்திரம் எதுவும் இல்லை.
அட்டவணையின் நெற்றியில் ஒரே ஒரு சொல்: சராசரி.
எத்தனையோ சேர்மங்களில் அளந்து எடுத்தது.
413 எந்த ஹைட்ரஜனின் சொந்த எண்ணும் அல்ல,
சராசரி மனிதன் எங்கள் தெருவில்
எந்த வீட்டிலும் குடியில்லாததுபோல.
அடியில் எழுதினேன்: வித்தியாசம் 44. பிழை என்னுடையது அல்ல.
கொஞ்சம் யோசித்து, "முழுக்க" என்று இடையில் செருகினேன்.

காலையில் மைனஸ் ஒன்பது.
'ஹல்ஷ்கா' என்ற பழைய படகின் அடிவயிற்றில் நாங்கள் இருவர்.
தீக்கல்லை உரசினேன்.
முன்பணம் அவ்வளவுதான், முதல் சில மூலக்கூறுகளுக்கு;
மற்றவற்றின் கடனை, பக்கத்தில் சேர்ந்தவை அடைத்துவிடும்.
இரும்பு சிவந்தது. ஆக்சிஜன் பிடியை அழுத்தினேன்.
தகடு வெட்டுப்படுகிறது என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தோம்.
வெட்டுப்படவில்லை. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து
கசடாய் ஒழுகிப் போகிறது.
அது போன வழியைத்தான் நாங்கள் வெட்டு என்கிறோம்.

"என்ன, விடை வந்துச்சா?" என்று கத்தினான் லுட்விக்.
"கிட்டத்தட்ட" என்றேன்.
இந்த இரைச்சலில் அவனுக்குக் கேட்டிருக்காது.